நமக்குப் போட்ட இலை

மேடையில் நான் ஒரே ஒருமுறைதான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு, பின்னர் வென்ற கதையை மட்டும் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். ஆகவே தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பதியில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லைப்புறக் கல்லூரி மாணவர்களுக்கான தமிழ்ச் சொற்போர் நடக்கும். நகரி, சித்தூர், நாகலாபுரம் என்று பல பக்கங்களிலிருந்தும், வகுப்பில் தெலுங்கில் பாடம் கேட்டு வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அங்கே கூடுவோம். பரிசு ஒரு சுழற்கோப்பை. அதை ஓராண்டு வைத்திருந்து அடுத்த ஆண்டு திருப்பித் தர வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை எட்டும் குரல் எனக்கு உண்டு. மூச்சை எங்கே இழுப்பது, சொல்லை எங்கே நிறுத்துவது, கையை எப்போது உயர்த்துவது என்று பள்ளிக் காலம் முதல் பயின்றவள் நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டு எனக்கு வாய்த்த பக்கம், உணவைப் போலவே கலையும் மனிதனுக்கு இன்றியமையாதது என்பது. ஏழு நிமிடம் பேசினேன். நல்ல ஓவியத்தின் முன் நிற்பவனுக்குக் காலம் உறைந்துவிடும் என்றேன். அரங்கம் கைதட்டியது. அடுத்தது குறுக்குக் கேள்விச் சுற்று. எதிரணியில் சித்தூர்க் கல்லூரி மாணவர் ஒருவர். புத்தலப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். உரக்கப் பேசாதவர். எழுந்து, கையில் ஒரு தாளும் இல்லாமல், இவ்வளவுதான் கேட்டார்:

"காலம் உறைந்துவிடும் என்றீர்கள். நீங்கள் எந்த ஓவியத்தின் முன்னால் நின்றீர்கள்? அதன் மூலையில் என்ன இருந்தது?"

நான் எந்த ஓவியத்தின் முன்னாலும் நின்றதில்லை. கைப்பேசியில் பார்த்திருந்தேன், எங்கள் வீட்டுச் சுவரில் துணிக்கடை கொடுத்த நாட்காட்டிப் படங்களைப் பார்த்திருந்தேன். பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மூலையில் என்ன இருந்தது என்று கேட்டவரிடம் பொய்யும் நிற்காது. பதிலுக்கான நேரம் ஓடி முடிந்து மணி அடித்தது. கோப்பை சித்தூருக்குப் போனது.

கண்ணால் காணாததை இனி மேடையில் சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அடுத்த ஆண்டு அதே அரங்கத்தில் அதே மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு முடிவு. கோப்பையை விட அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

நகரிக்குத் திரும்பியதும் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு நின்று, எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறிகளை ஒருத்தியாக ஓட்டுபவள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏழு நிமிஷம் பேசத் தெரியுது, ஒரு மூலைய சொல்லத் தெரியல. அவ்ளோதானே? மெட்ராஸு இன்னா சந்திர மண்டலத்துலயா கீது? போய் பார்த்துக்கினு வரலாம் வா."

தறிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சின்னப் போட்டிகளில் நான் வென்ற பரிசுப் பணம் கொஞ்சம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு, ஒரே பகல், ஒரு கலைக்கூடம், ஒரு நல்ல உணவகம் என்று திட்டம் வகுத்தோம். கலைக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு, உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. நைனா இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, சோறு துன்ன ரயிலேறிப் போகிற பெண்களை இந்த ஊர் இப்போதுதான் பார்க்கிறது என்றார். ஆனால் முதல் பயணத்தன்று காலையில் ரயிலடி வரை வண்டியில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

அந்த முதல் ஞாயிற்றை நான் இன்றும் மணி மணியாகச் சொல்வேன். சென்ட்ரலில் இறங்கியதும் எதிர்ப்புறச் சந்தில் ஒரு பழைய சிற்றுண்டிச் சாலை. பளிங்கு மேசை, பித்தளை டம்ளர், தட்டைத் தாண்டி இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் நெய் ரோஸ்ட். அக்கா தோசையின் ஒரு முனையிலிருந்து உடைக்கத் தொடங்கினாள், நான் மறுமுனையிலிருந்து. நடுவில் சந்தித்துக்கொண்டோம். காப்பியை முதல் வாய் குடித்ததும் அவள் கண்ணை மூடினாள். நாள் முழுவதும் நின்றே டீ குடிக்கிறவள் உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை.

அங்கிருந்து பேருந்தில் நுங்கம்பாக்கம். மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில், வீட்டையே மாற்றி அமைத்த சிறு கலைக்கூடம். உள்ளே வெள்ளைச் சுவர்கள், குளிர்ந்த காற்று, பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் காலடி ஓசையும் கேட்கவில்லை. அக்கா வாசலைத் தாண்டினாள், நிமிர்ந்து பார்த்தாள், பேசினாள்:

"இன்னாடி, செருப்ப கழட்டணுமா வேணாமா?"

கூடம் முழுவதும் அதிர்ந்தது. அத்தனை தலைகளும் திரும்பின. எங்கள் ஊரில் இந்தக் குரல் யாருக்கும் உறுத்தாது. தறிச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காதும் குரலும் அதற்கேற்றபடி பழகிவிடும். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் அதே உயரத்தில்தான் பேசுவார்கள். அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில்தான் முதன்முதலாக அது எனக்குச் சத்தமாகக் கேட்டது. காவலாளி அருகில் வந்து, மெதுவாகப் பேசுங்கம்மா என்று பணிவாகவே சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தை நான் மென்று விழுங்கலாம். விழுங்கவில்லை. காவலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அக்காவிடமிருந்து இரண்டு அடி விலகி, பக்கத்துச் சுவரில் இருந்த ஒரு படத்தைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். அவளோடு வந்தவள் இல்லை என்பதுபோல். கடைசி வரிசை வரை எட்டும் குரலுக்குப் பெருமைப்பட்டவள், அதே குரல் அக்காவின் தொண்டையிலிருந்து வந்தபோது வெட்கப்பட்டேன்.

அக்கா தனியாக நடந்துபோனாள். நான் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு படத்தின் நான்கு மூலைகளையும் எழுதத் தொடங்கினேன். தேர்வுக்குப் படிக்கிறவள் போல வேகவேகமாக எழுதினேன். ஐந்தாறு படங்கள் ஆகியிருக்கும். நிமிர்ந்தபோது கூடத்தின் மறுகோடியில் அக்கா நிற்பது தெரிந்தது. அவள் கை அசைந்துகொண்டிருந்தது.

தறிக்கூடத்தில் வாயால் பேசிப் பயனில்லை. ஆகவே கையால் பேசுவார்கள். சுட்டு விரலை மடக்கிக் காட்டினால் இழை அறுந்தது. உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் தறியை நிறுத்து. கையை முஷ்டியாக்கிச் சுழற்றினால் ஓட்டு. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிடப் போகலாம். இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். பள்ளி விட்டதும் கூடத்துக்கு ஓடி, அக்காவின் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு நிற்கும் நாட்களில் எனக்கும் அது பழகியிருந்தது. இப்போது அவள் உள்ளங்கையைக் குறுக்கே வீசினாள். பிறகு தன் பக்கம் இழுத்துக் காட்டினாள். நிறுத்து. இங்கே வா.

போனேன். சுவரின் பாதியை அடைத்த பெரிய படம் அது. பந்தி ஒன்றை ஓவியர் உயரத்திலிருந்து பார்த்திருந்தார். முகம் ஒன்றுகூடக் கிடையாது. படத்தின் மேல் விளிம்பிலிருந்து கைகள் மட்டும் வரிசையாக நீண்டு, வாழை இலைகளில் சோறு பிசைந்துகொண்டிருந்தன. வளையல் அணிந்த கை, கடிகாரம் கட்டிய கை, சுருக்கம் விழுந்த கை, குழம்பு முழங்கை வரை வழிந்த குழந்தைக் கை. இலைகளின் பச்சை ஈரமாக மின்னியது. இடப்பக்கக் கீழ் மூலையில், மற்ற இலைகளிலிருந்து விலகி, ஓர் இலை தனியே கிடந்தது. அதன் பின்னால் கை இல்லை. சோறும் இல்லை. தெளித்த நீர்த் துளிகளும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும் இருந்தன.

எனக்குள் ஒரு மேடை எழுந்தது. காலி இலை என்றால் பசி. ஊர் உண்ணும்போது உண்ணாதவன் ஒருவன். எத்தனை உருக்கமான முடிவுரை. அக்காவின் காதருகே குனிந்து, இது பட்டினி கிடப்பவனுக்கான இலை என்று மெல்லச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த முடிவுரை பாதியிலேயே நின்றது.

குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்குத் தெரியாது. அதனால் கையாலேயே சொன்னாள். நீரைத் தெளிப்பதுபோல் விரல்களை உதறினாள்; தண்ணீர் தெளித்திருக்கிறதே, பார். உப்பை வைப்பதுபோல் விரல்களைக் கூட்டிக் காட்டினாள், பரிமாறத் தொடங்கியாயிற்று. பிறகு மேல் வரிசை இலைகளின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சுட்டினாள். எல்லாம் எங்களுக்கு வலப்பக்கம் இருந்தன. உண்பவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது இடப்பக்கம். இலை போடத் தெரிந்தவர் எவரும் நுனியை இடப்பக்கம்தான் போடுவார். கடைசியாக அந்தக் காலி இலையைச் சுட்டினாள். அதன் நுனி மட்டும் எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது.

அதன் பின்னால் கை இல்லாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இலைக்கு உரியவர் படத்துக்கு உள்ளே இல்லை. அதன் எதிரே நிற்கிறார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. காலம் உறைந்துவிடும் என்று ஏழு நிமிடம் பேசியவள் நான். உண்மையில் அது உறையவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றதும், பார்த்ததும், போனதும் தெரிந்தது. எங்களுக்குத்தான் நகரத் தோன்றவில்லை. பிறகு அக்கா சட்டென்று மீசையை முறுக்கினாள். திரும்பிப் பார்த்தேன். காவலாளி வந்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் எங்களைக் கடந்துபோனார், தம் சொல்லுக்குப் பயந்துதான் நாங்கள் கையால் பேசுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, மிகுந்த இரக்கத்தோடு தலையசைத்துவிட்டு.

பகல் உணவுக்கு அக்கா தேர்ந்தெடுத்திருந்தது ஆந்திரச் சாப்பாட்டுக் கடை. ஆந்திரத்திலிருந்து வந்து இங்கும் அதையேவா உண்ண வேண்டும் என்று கேட்டேன். நம் ஊர்ச் சோற்றை இவர்கள் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றாள். கெடுத்திருக்கவில்லை. பருப்புப் பொடியும் நெய்யும், புளிச்சகீரைக் கோங்குரா, காரம் மூக்கில் ஏறும் வேப்புடு வறுவல். கடை கொள்ளாத கூட்டம். அவள் குரல் அங்கே யாருக்கும் கேட்கவேயில்லை. இலை போட்டவர் நுனியை இடப்பக்கம் வைத்தாரா என்று இருவருமே குனிந்து பார்த்தோம். பார்த்ததை ஒருவருக்கொருவர் கண்டுபிடித்தும்விட்டோம். பாதிச் சாப்பாட்டில், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னாள்:

"அங்க ரெண்டு அடி தள்ளி நின்னியே. இப்ப மட்டும் இன்னா ஒட்டிக்கினு உக்காந்து துன்ற?"

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்தால் வாதாடியிருப்பேன். அவள் தன் இலையிலிருந்த அப்பளத்தை உடைத்துப் பெரிய பாதியை என் இலையில் வைத்தாள். அதை எடுத்துத் தின்றேன்.

அதன்பின் ஓராண்டு, மழையோ வெயிலோ, ஒரு மாதமும் தவறவில்லை. சிலைகளைப் பார்த்தோம். கடற்கரைக் குடியிருப்பின் நெடுஞ்சுவர்களில் வரைந்த முகங்களை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒரே அலை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, இதற்கு மின்சாரம் வேறா என்று அக்கா கையால் கேட்டாள். கொரிய உணவகம் ஒன்றில் மேசை நடுவே அடுப்பை வைத்து இறைச்சியைப் பச்சையாகக் கொண்டுவந்தார்கள். நாமே சுட்டுக்கொள்ள வேண்டுமென்றால் நகரியிலேயே இருந்திருக்கலாமே என்றவள், கடைசித் துண்டு வரை தானே திருப்பிப் போட்டுச் சுட்டாள். புளித்த முட்டைக்கோசை நம் ஊர் ஊறுகாயோடு ஒப்பிட்டு, பர்வாலேது என்று தெலுங்கில் தேர்ச்சி கொடுத்தாள். வங்காளக் கடையில் மீனின் முள்ளை எடுப்பதில் இருவரும் தோற்றோம். எந்தக் கலைக்கூடத்திலும் நான் விலகி நிற்கவில்லை. அக்காவும் குரலைத் தாழ்த்தக் கற்கவில்லை. எங்களுக்குக் கை இருந்தது.

அடுத்த சொற்போர் வந்தது. அதே திருப்பதி, அதே அரங்கம். இறுதிச் சுற்றில் அதே சித்தூர் மாணவர் எதிரே. பொருள், சிற்றூர்க்காரர்களுக்குப் பெருநகரம் தருவது உயர்வா, ஏக்கமா என்பது. உயர்வு என் பக்கம். அக்கா விடுப்பு எடுத்து வந்து, கடைசி வரிசையில் நடுவாக உட்கார்ந்திருந்தாள்.

அவர் நன்றாகப் பேசினார். அதை மறுக்க மாட்டேன். நாம் நகரத்துக்குப் போகிறோம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்க்கிறோம், இன்னும் கொஞ்சம் சிறியவர்களாகத் திரும்புகிறோம் என்றார். அரங்கம் அமைதியாகக் கேட்டது, பலர் தலையசைத்தார்கள். நான் என் ஏழு நிமிடத்தில் தோசையையும் சிலையையும் அலையையும் சொன்னேன். குறுக்குக் கேள்விச் சுற்றில் அவர் எழுந்தார். சென்ற ஆண்டு ஒரு மூலையைக் கேட்டேன் என்று புன்னகையோடு நினைவூட்டினார். சிலர் சிரித்தார்கள்.

"இந்த ஆண்டு எளிதாகவே கேட்கிறேன். அந்தப் பெருநகரத்தில் உங்களுக்கென்று என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்."

கேள்வி முடிந்த கணத்திலேயே பதில் என் நாவில் இருந்தது. ஆனால் நான் பேசவில்லை. இரண்டு சொற்களுக்கு இடையில் நின்றேன்: "நான் கண்டேன்" என்று சொல்வதா, "என் அக்கா கண்டாள்" என்று சொல்வதா? முன்னதைச் சொன்னாலும் பொய் ஆகாது, நானும்தான் பார்த்தேன். தீர்ப்பாளர்களுக்கும் அதுவே இனிக்கும். நேரம் ஓடியது. அரங்கில் மெல்லிய சலசலப்பு. இவள் மறுபடியும் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்திருப்பார்கள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முஷ்டியாகி, சுழன்றது. தறியை ஓட்டு.

ஓட்டினேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது, அதில் ஒரு பந்தி நடக்கிறது என்று தொடங்கினேன். குரலை உயர்த்தவில்லை. கைகளைச் சொன்னேன், இலைகளைச் சொன்னேன். மேல் வரிசையின் நுனிகள் எந்தப் பக்கம் என்று சொல்லி நிறுத்தினேன். பிறகு மூலையைச் சொன்னேன்: நீர்த் துளி, உப்பு, இடப்பக்கம் திரும்பிய நுனி.

சொல்லி முடிப்பதற்குள் அரங்கத்துக்குப் புரிந்துவிட்டது. பந்தியில் உட்காராதவர் யார் இருந்தார்கள் அங்கே? முன்வரிசையில் ஒருவர் தன் இடது கையைத் தானே பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

"அந்த இலை படத்தில் இருக்கும் யாருக்கும் போட்டதல்ல, எதிரே வந்து நிற்பவருக்குப் போட்டது. அதைப் பட்டினியின் இலை என்று நான் தவறாகப் படித்தேன். சரியாகப் படித்தவர் நகரியில் விசைத்தறி ஓட்டும் என் அக்கா. குரல் உரத்தது என்று அவரை அங்கே மெதுவாகப் பேசச் சொன்னார்கள். நான் அவரைவிட்டு இரண்டு அடி விலகி நின்றேன். அவர் விலகவில்லை. எனக்கும் சேர்த்து அந்த இலையைக் காட்டினார். எங்களுக்கென்று அந்த நகரத்தில் இருப்பது அதுதான், ஐயா. அக்கா கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கை இல்லையென்றால் அவரையே கேளுங்கள்."

சித்தூர் மாணவர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அரங்கம் முழுவதும் திரும்பியது. கலைக்கூடத்தில் திரும்பியது போலவே அத்தனை தலைகளும் அவள் பக்கம். இந்த முறை நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் என்னிடம் திரும்பி, வேறு கேள்வி இல்லை என்று சொல்லி அமர்ந்தார்.

கோப்பை எனக்கு என்று அறிவித்தபோது அவரே முதலில் மேடையேறி வந்து கை கொடுத்தார். அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டார். கண்காட்சி முடிந்திருக்கும், ஆனால் ஆந்திரச் சாப்பாட்டுக் கடை அங்கேயேதான் இருக்கிறது என்றேன். அவர் சிரித்து, கடையிருக்கும் தெருவை எழுதிக்கொண்டார்.

கைதட்டல் ஓயவில்லை. கூரைத் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. தறிக்கூடத்தின் நடுவில் நிற்பது போன்ற இரைச்சல். அக்கா ஏதோ சொன்னாள். வாய் அசைவது தெரிந்தது. அவள் குரலையும்கூட அமுக்கிவிடும் சத்தம் ஒன்றை அன்றுதான் கேட்டேன். அது எனக்கும் அவளுக்கும் சேர்த்து எழுந்தது. கேட்கவில்லை என்று தலையசைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். அத்தனை பேர் பார்க்க, ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள். கோப்பையை இடக் கையில் அணைத்துக்கொண்டு, வலக் கையை உயர்த்தி முஷ்டியைச் சுழற்றினேன்.